வீட்டில் இருந்தே விடை சொல்பவர்கள்

தமிழ்த் தொலைக்காட்சியில் மூளைக்கு வேலை தரும் விளையாட்டு நிகழ்ச்சிகள் அருகிவிட்டன என்பதும், அத்தகைய நிகழ்ச்சிகளைப் பார்க்க ஆள் இல்லை என்பதும் இரு வேறு செய்திகள்; ஆயினும் முதலாவதற்குக் காரணம் இரண்டாவதே என்பது அத்துறையில் ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. பாட்டு, ஆட்டம், சமையல், சிரிப்பு, நூறு நாள் ஒரே வீட்டில் அடைபட்டுக் கிடப்பது என எல்லாவற்றுக்கும் போட்டி மேடை போடப்படுகிறது. ஒரு கேள்வியைக் கேட்டு, சிந்தித்து விடை சொல்ல வைக்கும் போட்டிக்கு மட்டும் முன்னணி அலைவரிசைகளின் இரவு நேரத்தில் இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. அந்த முடிவு சரிதானா என்று உரசிப் பார்ப்பதற்குக் கோவையும் அதைச் சூழ்ந்த கொங்கு வட்டாரமும் பொருத்தமான களம். ஏனெனில் இங்கே வினாடி வினா கல்லூரி அரங்குகளிலும், அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்போரின் மேசைகளிலும் நன்றாகவே உயிரோடிருக்கிறது.

அறிவார்ந்த விளையாட்டு நிகழ்ச்சி என்று ஒரே பெயரால் சுட்டப்படுவதற்குள் இரண்டு வகைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று நினைவைச் சோதிப்பது: ஆண்டு, பெயர், தலைநகரம், நூலாசிரியர் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டுமே சொல்லக்கூடிய விடைகளைக் கேட்பது. மற்றது ஊகத்தைச் சோதிப்பது: தெரிந்த சிறு துணுக்குகளை ஒன்றோடொன்று இணைத்து, அதுவரை தெரியாத விடையை அந்த இடத்திலேயே கண்டடையச் செய்வது. பார்வையாளர் ஒரு நிகழ்ச்சியோடு எத்தனை வாரம் உடன் வருவார் என்பதைப் பெரும்பாலும் இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. தமிழில் இதுவரை பெரும் பணம் கொட்டப்பட்டதோ முதல் வகையின் மீதுதான்.

அதன் வரலாறு பலரும் அறிந்தது. 1998 செப்டம்பரில் பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் தொடங்கிய 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' என்ற நிகழ்ச்சி, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படிப்படியாகப் பரிசுத் தொகையை ஏற்றிச் செல்லும் எளிய வடிவத்தால் பல நாடுகளுக்குப் பரவியது. 2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சனின் தொகுப்பில் ஸ்டார் பிளஸில் அது 'கௌன் பனேகா குரோர்பதி' ஆனது. அந்த அலையிலேயே சன் டிவியில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' வந்தது. 2012-இல் விஜய் டிவி அதே வடிவத்தை 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்ற பெயரில் சூர்யாவைக் கொண்டு தொடங்கி, அடுத்த பருவத்தைப் பிரகாஷ்ராஜிடமும் அதற்கடுத்ததை அரவிந்த் சுவாமியிடமும் ஒப்படைத்தது. 2019-இன் இறுதியில் கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி' பெண்களை மட்டுமே போட்டியாளர்களாகக் கொண்டது. கேட்கவும் பேசவும் இயலாத மதுரைப் பெண் ஒருவர் 2020 ஜனவரியில் அதில் ஒரு கோடி ரூபாய் வென்றது நாடு முழுவதும் செய்தியானது.

இந்தியில் ஷாருக் கான் நடத்திய ஒரு பருவத்தைத் தவிர, கால் நூற்றாண்டாக ஒரே தொகுப்பாளர் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். 2025-இல் அந்நிகழ்ச்சி 17ஆவது பருவத்தை எட்டியது. தமிழிலோ இருபது ஆண்டுகளில் மூன்று அலைவரிசைகள், ஐந்து தொகுப்பாளர்கள், இடையிடையே நீண்ட இடைவெளிகள். ஒரு குடும்பம் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு, குறிப்பிட்ட முகத்தை எதிர்பார்த்து உட்காரும் பழக்கம் வேர்விடுவதற்கு முன்பே ஒவ்வொரு முறையும் செடி பிடுங்கி வேறிடத்தில் நடப்பட்டது. பழக்கமே உருவாகாத ஓரிடத்தில் இரசனை இல்லை என்று தீர்ப்பு எழுதுவது அவசரம்.

வடிவத்திலும் ஒரு குறை உண்டு. போட்டியாளரின் குடும்பக் கதை, அவர் பட்ட துன்பம், நட்சத்திரத் தொகுப்பாளரோடு அவர் பேசும் பேச்சு, 'உறுதியாகச் சொல்கிறீர்களா' என்ற கேள்விக்குப் பிறகு வரும் விளம்பர இடைவேளை ஆகியவை ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, எஞ்சிய நேரத்தில் கேட்கப்படும் கேள்விகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகின்றன. அவற்றிலும் தொடக்கக் கேள்விகள், போட்டியாளர் உடனே வெளியேறிவிடக் கூடாது என்பதற்காகவே மிக எளிதாக அமைக்கப்படுகின்றன. ஆக, பார்ப்பவர் அங்கே அறிவுப் போட்டியைப் பார்ப்பதாகச் சொல்வதைக் காட்டிலும், ஒரு மனிதர் பணத்தின் முன் தடுமாறுவதைப் பார்ப்பதாகச் சொல்வதே பொருந்தும். அதுவும் விறுவிறுப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த விறுவிறுப்பை ஒரு நெடுந்தொடர் இதைவிடக் குறைந்த செலவில் தந்துவிடுகிறது.

ரம்யா கிருஷ்ணன் நடத்திய 'தங்க வேட்டை', ஜெயா டிவியில் குஷ்பு நடத்திய 'ஜாக்பாட்' போன்றவை பரிசை முன்னிறுத்திக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியவை. அவற்றின் வெற்றியில் தொகுப்பாளரின் புடவைக்கும் நகைக்கும் இருந்த பங்கு கேள்விகளுக்கு இருந்ததா என்பது ஐயம். பிறகு நள்ளிரவில், பாதி மறைத்த நடிகர் முகத்தைக் காட்டி 'இவர் யார், உடனே அழையுங்கள்' என்று தொலைபேசிக் கட்டணத்தைக் குறிவைத்த நிகழ்ச்சிகள் சில அலைவரிசைகளில் கிளம்பி, வினாடி வினா என்ற சொல்லுக்கே ஒரு கெட்ட பெயரைத் தேடித் தந்தன.

இரண்டாம் வகையின் கதை வேறு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஜய் டிவியில் இசையமைப்பாளர் ஜேம்ஸ் வசந்தன் நடத்திய 'ஒரு வார்த்தை ஒரு லட்சம்' திரைக்கதையோ கண்ணீரோ தேவைப்படாத நிகழ்ச்சியாக இருந்தது. இணையாக விளையாடும் இருவரில் ஒருவருக்கு மட்டும் ஒரு சொல் காட்டப்படும். அவர் அந்தச் சொல்லை உச்சரிக்காமல், வேறு சொல்லைக் குறிப்பாகத் தர, மற்றவர் மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்காவில் 1961-இல் சிபிஎஸ் அலைவரிசையில் தொடங்கிய 'பாஸ்வேர்ட்' இந்த வகை ஆட்டத்தின் மூத்த உறவு.

இந்த ஆட்டம் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதை ஒரு மாதிரியைக் கொண்டு பார்க்கலாம். காட்டப்பட்ட சொல் 'நுங்கு' என்று வைத்துக்கொண்டால், குறிப்புத் தருபவர் முதலில் 'பனை' என்பார். எதிரே இருப்பவர் 'பதநீர்' என்றோ 'கிழங்கு' என்றோ 'கருப்பட்டி' என்றோ சொல்லித் தவறுவார், ஏனெனில் பனையிலிருந்து அத்தனை வழிகள் பிரிகின்றன. அடுத்த குறிப்பு 'இளநீர்' என்று வந்தால் குழப்பம் கூடும். 'கண்' என்று வந்தால் அடுத்த நொடியே விடை விழும். எந்தக் குறிப்பு சரியான கதவைத் திறக்கும் என்பதைத் திரையில் சொல்லைப் பார்த்துவிட்ட பார்வையாளரும் போட்டியாளரோடு சேர்ந்து தேடிக்கொண்டிருப்பார். திரையைப் பார்க்காமல் அடுப்படியில் நின்று காதில் மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும் அமுச்சி, பேரனுக்கு முன்பே 'நுங்குடா' என்று குரல் கொடுப்பார். அவருக்கு எந்த நாட்டின் தலைநகரமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படிப்புச் சான்றிதழைக் கேட்காமல் அறிவை மட்டும் கேட்கும் ஆட்டம் இது.

அதே காலத்தில் அதே அலைவரிசையில் ஜெகன் நடத்திய 'கனெக்‌ஷன்' படங்களைக் கொண்டு இதையே செய்தது: திரையில் அடுத்தடுத்து வரும் படங்களின் பெயர்களைச் சேர்த்து ஒரு சொல்லையோ திரைப்படப் பெயரையோ கண்டுபிடிக்க வேண்டும். நிகழ்ச்சி நின்றுபோன பிறகும் அந்த ஆட்டம் நிற்கவில்லை. கோவையின் பொறியியல், கலைக் கல்லூரிகளில் துறை வாரியாக நடக்கும் சிம்போசியம் எனப்படும் மாணவர் கருத்தரங்குகளில், ஆய்வுக் கட்டுரை வாசிப்புக்கு அடுத்தபடியாகக் 'கனெக்‌ஷன்' ஒரு நிரந்தரப் போட்டியாகிவிட்டது. அலுவலகக் கொண்டாட்டங்களும் குடியிருப்புச் சங்கங்களின் பொங்கல் விழாக்களும் அதை எடுத்துக்கொண்டன. ஒரு படத்தில் பல் வரிசை, அடுத்த படத்தில் தரையில் புரண்டு அழும் குழந்தை என்றால், முதலில் 'பல் வலி' என்றும் 'பால் பல்' என்றும் கூச்சல் எழும். குழந்தை அழுவது வலியால் அல்ல, கேட்டது கிடைக்காததால் என்று ஒருவருக்குப் பிடிபட்ட கணத்தில் அரங்கம் 'பல்லடம்' என்று முழங்கும். கடலின் படமும் 6 என்ற எண்ணும் சேர்ந்து வந்தால் பொள்ளாச்சிக்காரருக்கு ஆழியாறு உடனே தெரியும். இத்தகைய புதிரை அமைப்பதற்குப் பெரும் செலவு இல்லை; விடை தெரிந்ததும் எழும் சிரிப்புக்கும் தட்டும் கைக்கும் குறைவில்லை.

தொலைக்காட்சியில் தொடராமல் போன ஒரு நிகழ்ச்சி, அதைப் பார்த்து வளர்ந்தவர்களின் கையில் இப்படிப் பரவிக் கிடக்கிறது என்றால், பார்வையாளர் அதைக் கைவிட்டார் என்று சொல்ல முடியாது.

பிறகு ஏன் அலைவரிசைகள் தயங்குகின்றன என்பதற்கான விடை பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் முறையில் ஓரளவு இருக்கிறது. டிஆர்பி என்று பரவலாக வழங்கும் மதிப்பீட்டை 2015 முதல் இந்தியாவில் வெளியிட்டு வரும் பார்க் அமைப்பு, நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த சில பத்தாயிரம் வீடுகளில் ஒரு கருவியைப் பொருத்துகிறது; ஒளிபரப்பின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காதவாறு பதித்த அடையாளக் குறியை அக்கருவி பிடித்து, எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் ஓடியது என்று பதிவு செய்கிறது. ஒருவர் எவ்வளவு ஊன்றிப் பார்த்தார், விடை சொன்னாரா, மறுநாள் வேலையிடத்தில் அதைப் பற்றிப் பேசினாரா என்பதெல்லாம் அந்தக் குறிக்குத் தெரியாது. தொடர்கள் வாரத்தில் ஐந்தாறு நாள் ஒளிபரப்பாகி நேரத்தைக் குவிக்கின்றன; வார இறுதியில் ஒரு மணி நேரம் வரும் விளையாட்டு நிகழ்ச்சி அந்தக் குவியலோடு போட்டியிட இயலாது. மறுஒளிபரப்பிலும் அதற்குப் பாதி மதிப்புதான்; விடை தெரிந்த புதிரை இரண்டாம் முறை பார்க்க யாரும் காத்திருப்பதில்லை.

கொங்கு வட்டாரத்தின் வேலை நேரமும் கணக்கில் வர வேண்டியது. திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களில் 'ஒன்றரை ஷிப்ட்' என்பது காலை எட்டரைக்கு உள்ளே போனவர் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. நூற்பாலைகளில் மூன்று ஷிப்டுகள். பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் இரவுக்கும் பகலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இப்படி வேலை முடித்து வருபவர் சோறு உண்டுகொண்டே, பாதி கண்ணால், இடையில் எழுந்து போய் வந்து பார்க்கும் தொலைக்காட்சியில், பத்து நிமிடம் தவறினாலும் கதை நகர்ந்திருக்காத தொடர் வெற்றி பெறுவதில் வியப்பில்லை. அறிவு விளையாட்டு முழுக் கவனத்தைக் கேட்பது, களைத்தவருக்கு அது ஆகாது என்ற வாதம் இங்கிருந்துதான் வருகிறது. பாதி உண்மைதான். கோடீஸ்வரன் வகை நிகழ்ச்சியில் பாதியில் வந்து உட்காருபவருக்குப் போட்டியாளர் யார், எந்தப் படியில் நிற்கிறார், எந்த உதவிகளைச் செலவழித்துவிட்டார் என்ற முன்கதை தேவைப்படுகிறது. சொல் விளையாட்டுக்கோ படப் புதிருக்கோ எந்த முன்கதையும் வேண்டியதில்லை, ஒவ்வொரு சுற்றும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தொடங்கி முடிந்துவிடுகிறது. கைபேசியில் குறுங்காணொளிகளைப் புரட்டிப் பழகிய கண்ணுக்கும் அதுதான் ஒத்துவரும் அளவு.

அறிவு சார்ந்த பொழுதுபோக்குக்குத் தமிழர்கள் கூடுவதில்லை என்பதற்கும் சான்று கிடைப்பதில்லை. கவனகம் என்றும் அவதானம் என்றும் வழங்கும் கலையில், ஒருவர் மேடையில் அமர்ந்து, ஒருபுறம் வெண்பாவுக்கு ஈற்றடி கேட்பவர், ஒருபுறம் கணக்குக் கொடுப்பவர், முதுகில் விழும் கற்களை எண்ணச் சொல்பவர் எனப் பலரின் சோதனைகளை ஒரே நேரத்தில் நினைவில் நிறுத்தி விடை தருவார்; 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு சோதனைகளை ஏற்றுச் 'சதாவதானி' என்று பெயர் பெற்றவர் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர். அங்கே கேள்வி கேட்டவர்கள் அவையில் இருந்தவர்களே என்பது கவனிக்கத்தக்கது. நம் காலத்தில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆண்டுதோறும் நடத்திவரும் ஈரோடு புத்தகத் திருவிழாவின் மாலைச் சொற்பொழிவுகளுக்குத் திரளும் ஆயிரக்கணக்கானோரையும், பட்டிமன்றம் என்றால் நாற்காலி தேடும் கூட்டத்தையும் கொங்கு நாடு நன்கறியும். சொற்பொழிவு கேட்பதும் விளையாடுவதும் ஒன்றல்ல என்பது சரியான மறுப்பே. ஆனால் கடினமானது என்றால் கூட்டம் ஓடிவிடும் என்ற அச்சத்துக்கு அந்தத் திரளே போதுமான பதில்.

விளையாடுவோரின் எண்ணிக்கையைத் தேடினால் அது வேறொரு வாசலில் நிற்கிறது. டிஎன்பிஎஸ்சி 2022-இல் நடத்திய குரூப் 4 தேர்வுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். பொது அறிவும் பொதுத் தமிழும் அத்தேர்வின் பெரும்பகுதி. கோவை மாவட்ட மைய நூலகத்தில் காலையிலேயே இடம் பிடித்து அமரும் இளைஞர்களும், ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொண்டு பேருந்துக்குக் காத்திருப்போரும், யூடியூபில் 'நூறு முக்கிய வினாக்கள்' காணொளிகளை ஓடவிட்டுக்கொண்டே வீட்டு வேலை செய்யும் பெண்களும் உண்மையில் ஓர் ஓயாத வினாடி வினாவுக்குள்தான் வாழ்கிறார்கள். தொலைக்காட்சி தேடிக்கொண்டிருக்கும் பார்வையாளர் இவர்களே. ஆனால் தேர்வு அவர்களுக்குக் கற்றுத் தந்திருப்பது முதல் வகைக் கேள்வியை மட்டும். அதை அப்படியே மேடையேற்றினால் வகுப்பறையின் வாடைதான் அடிக்கும்.

கேள்வியின் தரம் என்பது இங்கேதான் வருகிறது. 'பைக்காரா நீர்மின் நிலையம் எந்த ஆண்டு தொடங்கப்பட்டது' என்று கேட்டால், தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் அலைவரிசையை மாற்றுவார். '1930-களில் கோவையில் நூற்பாலைகள் மளமளவென்று பெருகின. கரிசல் மண்ணில் பருத்தி முன்பே இருந்தது, உழைக்க ஆள் முன்பே இருந்தது, முதல் போட வசதி படைத்தவர்களும் முன்பே இருந்தார்கள். நீலகிரியிலிருந்து புதிதாக இறங்கி வந்தது எது' என்று கேட்டால் நிலைமை வேறு. ஒருவர் தேயிலை என்பார், ஒருவர் தண்ணீர் என்பார், ஆலை எதனால் ஓடும் என்று நினைத்துப் பார்க்கும் பள்ளிச் சிறுமி மின்சாரம் என்பாள். விடை அதுவே, பைக்காராவின் மின்சாரம் வந்த பிறகுதான் கோவை ஆலை நகரமாயிற்று. இரண்டு கேள்விக்கும் அடிப்படைத் தகவல் ஒன்றுதான், இரண்டாவது மட்டுமே வீட்டில் ஒரு வாக்குவாதத்தைக் கிளப்பும்.

பிரிட்டனில் இதை நிறுவிக் காட்டியவை உண்டு. தொடர்பில்லாதவை போலத் தோன்றும் நான்கு துப்புகளுக்கிடையே ஒளிந்திருக்கும் உறவைக் கேட்கும் 'ஒன்லி கனெக்ட்' 2008-இல் பிபிசி ஃபோர் என்ற சிறிய அலைவரிசையில், கடினமான கேள்விகளை மறைக்காமலே தொடங்கி, 2014-இல் பெரிய அலைவரிசையான பிபிசி டூவுக்கு உயர்ந்தது. 1962-இல் தொடங்கிய 'யூனிவர்சிட்டி சேலஞ்ச்' இடையில் நின்று, 1994-இல் மீண்டு, இன்றும் நடக்கிறது. அதில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றிரண்டுக்கு விடை தெரிந்துவிட்டாலே பார்ப்பவருக்கு அந்த வாரம் பெருமைக்குரியது. மறுபக்கமும் உண்டு: எழுத்துகளையும் எண்களையும் கொண்டு விளையாடும் பிரெஞ்சு நிகழ்ச்சி 'தே ஷிஃப்ர் எ தே லெத்ர்' 1965-இல் தொடங்கி, ஏறத்தாழ அறுபது ஆண்டு ஓடி, 2024-இல் நிறுத்தப்பட்டது, அதன் வழித்தோன்றலாக 1982-இல் பிரிட்டனின் சேனல் ஃபோர் தொடங்கிய 'கவுண்ட்டவுன்' தொடர்கிறது. பிபிசி மக்களின் உரிமக் கட்டணத்தில் நடப்பதால் பொறுத்திருந்து வளர்க்க முடிகிறது என்ற வேறுபாட்டை மறந்துவிட்டு ஒப்பிடலாகாது. தமிழில் அந்தப் பொறுமையைக் காட்டக்கூடிய நிலையில் இருப்பவை தூர்தர்ஷன் தமிழும், 2019-இல் தொடங்கப்பட்ட அரசின் கல்வித் தொலைக்காட்சியும்தான். வணிக அலைவரிசையிடம் அதை எதிர்பார்ப்பது வீண்.

கோவையைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் மொழி. டாடா குரூசிபிள், டிசிஎஸ் ஐடி விஸ் போன்ற பெருநிறுவன வினாடி வினாக்களின் கோவைச் சுற்றுகள் ஆங்கிலத்திலேயே நடந்தவை. அங்கே கேள்விகள் ஊகத்துக்கு இடம் தரும் வகையில் நுட்பமாக அமைந்திருக்கும். தமிழில் நடப்பவையோ பெரும்பாலும் பாடநூலை ஒட்டியவை. நல்ல கேள்வி அமைக்கும் கலை ஆங்கிலத்திலும், பரந்த பார்வையாளர் கூட்டம் தமிழிலுமாகப் பிரிந்து கிடப்பதே உண்மையான இடைவெளி என்று கொள்ளலாம். பெருமாள்முருகன் 2000-இல் தொகுத்து வெளியிட்ட கொங்கு வட்டாரச் சொல்லகராதி போன்ற ஒரு நூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுவதற்கும் சொல் விளையாட்டுச் சுற்றுகளை அமைத்துவிட முடியும். சந்தை, தறி, தோட்டம், அணை, ஆலை என்று இந்த வட்டாரம் வைத்திருக்கும் பொருள்களில் இருந்து இன்னும் பல பருவங்கள் கிடைக்கும்.

அவற்றைக் கேள்விகளாக மாற்றுவதற்கு ஆள் வேண்டும். ஒரு தொடருக்குக் கதை, திரைக்கதை, வசனம் என்று தனித்தனிப் பெயர்களைத் திரையில் காட்டும் தமிழ்த் தொலைக்காட்சியில், கேள்வி அமைப்பவர் என்று ஒரு பணியை மக்கள் அறிந்ததே இல்லை. அரை மணி நேரச் சொல் விளையாட்டுக்கு ஐம்பது அறுபது சொற்கள் தேவைப்படும். ஒவ்வொன்றும் மிக எளிதாகவும் இருக்கக் கூடாது, ஒருவருக்கும் பிடிபடாததாகவும் இருக்கக் கூடாது, இரண்டு விடைக்கு இடம் தந்து சண்டையையும் கிளப்பக் கூடாது. அந்த நிதானம் புத்தகத்தால் வருவதன்று, அவை முன் வைத்துப் பார்த்துத் திருத்துவதால் வருவது. இப்போதைக்குக் கோவையில் அந்தப் பயிற்சி பெற்றுக்கொண்டிருப்பவர்கள், சிம்போசியத்துக்கு முந்தைய இரவு விடுதி அறையில் மடிக்கணினியில் படங்களை அடுக்கி, பக்கத்து அறை நண்பனிடம் காட்டி, அவன் எங்கே தடுமாறுகிறான் என்று பார்த்து வரிசையை மாற்றிக்கொண்டிருக்கும் மாணவர்கள். படிப்பு முடிந்ததும் அவர்கள் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் கேட்டு எந்த அலைவரிசையும் வருவதில்லை.